எடை என்றால் எந்த எடை?

கோடை விடுமுறைக்கு வந்த பேரன் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தான். உச்சிப்புளி பருந்து தளத்துப் பக்கம் நாம் அண்ணாந்து பார்த்த ஐலேண்டர் விமானம்தான். நடுவில் நண்பனோடு போனில் சண்டை. விளையாட்டில் அதன் அதிகபட்ச எடை 2,994 கிலோ என்று போட்டிருக்கிறதாம். அதுவே சரி என்கிறான் நண்பன். "இல்ல தாத்தா, 3,175 கிலோ. புத்தகத்துலயே இருக்கு" என்கிறான் இவன். "விளையாட்டுதானடா, விடுங்க" என்றாள் மகள்.

மூவர் சொல்வதும் எனக்கு ஒப்புதல் இல்லை.

பிஸ்டன் என்ஜின் வைத்த ஐலேண்டருக்கு 2,994 கிலோ. டர்பைன் வைத்த வகைக்கு 3,175. எந்த என்ஜின் என்று கேட்காமலே இரண்டு பேரும் ஒரு மணி நேரம் கத்தினார்கள்.

நான் ரயில்வேயில் சரக்கு குமாஸ்தாவாக இருந்தவன். ஒவ்வொரு வேகனின் பக்கவாட்டிலும் அதன் காலி எடையைப் பெயிண்டில் எழுதியிருப்பார்கள். காலி எடை வேறு, சரக்கு ஏற்றிய எடை வேறு, ஏற்றலாம் என்ற வரம்பு வேறு. விமானத்துக்கும் இதே கணக்குதான். அதிகபட்ச எடை என்பது தராசு காட்டியது அல்ல, கொடுக்கப்பட்ட அனுமதி. இதைக் குழப்பிவிட்டு 'வரலாற்றுத் துல்லியம்' பேசுவது வெறும் வீம்பு.

மகளுக்கும் ஒரு வார்த்தை. எடையைக் குறைத்துப் போட்டால் திரையில் விமானம் சீக்கிரம் எழும்பும், வேகமாக மேலேறும். நிஜத்தில் அதை ஓட்டியவர் பட்ட பாடு மறைந்துபோகும். பார்க்கிற பிள்ளை அந்தப் பொய்யையே வரலாறு என்று நம்பும்.

காகித எடையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2003 ஜனவரி 8 சாட்சி. அமெரிக்காவில் சார்லட் நகரில் ஒரு சிறு விமானம் கிளம்பியதும் விழுந்து 21 பேரும் இறந்தார்கள். வால் பகுதிக் கட்டுப்பாட்டுக் கம்பியைத் தவறாகச் சரிசெய்திருந்தார்கள். அதோடு, பயணிகளுக்குப் போட்ட பழைய சராசரி எடை நிஜ எடையைவிடக் குறைவு. கணக்கில் சரியாக இருந்த விமானம் ஓடுபாதையில் அளவுக்கு மீறிய பாரத்தோடு நின்றது. அதன் பிறகுதான் அந்தச் சராசரியை உயர்த்தினார்கள்.

ஆகவே எண்ணைப் போடுகிறவர்கள் பக்கத்திலேயே எந்த வகை, எந்த நிலை என்றும் போடட்டும். பாம்பன் கரையில் கூடையையும் ஐஸையும் கழிக்காமல் மீனுக்கு எடை சொன்னால் நாம் சும்மா விடுவோமா?