மெயின்டெனன்ஸ் இன்ஜினியரா? முதல் வேலையில் இதைப் பாருங்க

ஒரகடத்துலயோ ஓசூர்லயோ மெயின்டெனன்ஸ் வேலைக்குச் சேரப் போறீங்களா? பி.எல்.சி., டிரைவ் எல்லாம் தொட விடுவாங்களான்னு முதல்ல விசாரிங்க. மாசம் 2,000 ரூபாய் குறைஞ்சாலும் பரவாயில்லை, தொட விடுற கம்பெனியைப் பிடிங்க. கிரீஸ் அடிச்சு, ஃபியூஸ் மாத்தியே 3 வருஷம் ஓடிட்டா, அடுத்த இன்டர்வியூவில் சொல்ல ஒண்ணும் இருக்காது. சரிபண்ண ஒவ்வொரு பிரேக்டவுனையும் காரணத்தோட நோட்டில் எழுதி வையுங்க.

கம்பெனி மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்து பைக் வாங்குறாங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். 5 வருஷ சர்வீஸ் முடியறதுக்குள்ள எடுத்தா பொதுவா வரி உண்டு. புது கம்பெனி கணக்குக்கு மாத்திட்டா பழைய சர்வீஸும் சேரும். சி.டி.சி.யில் கம்பெனியோட பி.எஃப். பங்கும் பெரும்பாலும் அடங்கியிருக்கும்; கையில் வர்றது எவ்வளவு, நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் உண்டான்னு சேரும் முன்னாடியே கேட்டுடுங்க.