கொடுத்தவர்களின் ஊரில் ஒரு நாள்



அரையாண்டு விடுமுறை நெருங்கிவிட்டது. “பிள்ளைகளை எங்காவது கூட்டிக்கொண்டு போகலாம் என்றால் செலவு கையைக் கடிக்கிறதே” என்று இந்தச் சமயத்தில் உங்களில் பலர் எழுதுவது வழக்கம். இந்த முறை என் பதில் புனே. படிப்புக்கும் வேலைக்குமாக நம் பிள்ளைகள் நிறையப் பேர் போய்ச் சேர்ந்திருக்கும் ஊர். அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு நாளை ஊர் பார்க்க ஒதுக்கிக்கொள்ளுங்கள். கார் வேண்டாம். மெட்ரோ ரயிலும் நடக்கத் தெம்புள்ள கால்களும் போதும்.

காலையில் ஒரு தட்டு போஹா, ஒரு டீ. வயிறு நிறைந்ததும் சனிவார் வாடாவுக்குப் போய்விடுங்கள். மராட்டிய அரசின் தலைமை அமைச்சரான பேஷ்வா முதலாம் பாஜிராவ் 1730 ஜனவரி 10, சனிக்கிழமையன்று அடிக்கல் நாட்டிய மாளிகை. கிழமையே பெயராகிவிட்டது. வடக்கு பார்த்த தில்லி வாசலின் கதவருகே சற்று நில்லுங்கள். யானையை விட்டு முட்டி உடைக்க முடியாதபடி, அதன் நெற்றி உயரத்தில் வரிசை வரிசையாகக் கூரான இரும்பு முட்கள். பிள்ளைகள் எக்கி எக்கிப் பார்த்தாலும் கை எட்டாது. உள்ளே போனால் புல்வெளியும் அடித்தளங்களும்தான். 1828இல் பிடித்த தீயில் மாளிகை எரிந்துபோனது.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் தகடூஷேட் கணபதி கோயில். அதன் எதிரே இருந்த பிடே வாடாவில்தான் 1848இல் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். அவர்கள் குடியிருந்த வீடு கஞ்ச் பேட்டையில் நினைவிடமாக இருக்கிறது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் வந்து மொண்டுகொள்ளத் தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை 1868இல் பூலே திறந்துவிட்டார். அந்தக் காலத்தில் அது எத்தனை பெரிய துணிச்சல் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

மதியம் காரசாரமாக மிசல் பாவ் சாப்பிட்டுவிட்டு ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். என் மனத்தைப் பிடித்து வைத்துக்கொண்ட இடம் அது. குத்துவிளக்குகள், மைக்கூடுகள், இசைக்கருவிகள், செதுக்கிய கதவுகள். பாக்குவெட்டிகள் இருந்த கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நெடுநேரம் நின்றேன். வெற்றிலைப் பெட்டிக்குள் கிடக்கிற ஒரு சிறு கருவிக்கு இத்தனை அலங்காரமா! என் பாட்டியின் பாக்குவெட்டியை யார் எப்போது பழைய இரும்புக்குப் போட்டார்கள் என்றுகூட எனக்கு ஞாபகமில்லை. தினகர் கேல்கரோ 1920 வாக்கில் தொடங்கி, ஊர் ஊராக அலைந்து இவற்றைச் சேர்த்தார். சிறு வயதிலேயே இறந்துபோன தன் ஒரே மகன் ராஜாவின் பெயரை அந்தச் சேகரிப்புக்கு வைத்தார். 1962இல் அத்தனையையும் மகாராஷ்டிர அரசிடம் ஒப்படைத்துவிட்டார்.

மாலை வெயில் சாய்வதற்குள் மண்டை நிலையத்தில் மெட்ரோ ஏறி, மாவட்ட நீதிமன்ற நிலையத்தில் வண்டி மாறிக் கல்யாணி நகரில் இறங்குங்கள். ஆட்டோவில் சிறிது தூரத்தில் ஆகா கான் மாளிகை. பஞ்சத்தில் வாடிய சுற்றுவட்டார மக்களுக்கு வேலை கொடுக்க மூன்றாம் ஆகா கான் 1892இல் கட்டியது. ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் கைதான காந்தியடிகளை 1942 ஆகஸ்ட் முதல் 1944 மே வரை இங்கேதான் காவலில் வைத்தார்கள். அவருடைய செயலர் மகாதேவ தேசாய் வந்த ஆறாம் நாளே, ஆகஸ்ட் 15 அன்று, மாரடைப்பால் இறந்தார். 1944 பிப்ரவரி 22இல் கஸ்தூர்பா காலமானார். தோட்டத்தின் ஒரு மூலையில் இருவருடைய சமாதிகளும் அருகருகே இருக்கின்றன. நான் போனபோது ஒரு தாய் தன் மகளிடம் செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு, தானும் கழற்றிவைத்துக் கும்பிட்டார். 1969இல் நான்காம் ஆகா கான் இந்த மாளிகையை இந்திய மக்களுக்கே கொடுத்துவிட்டார்.

இரவு ரயிலில் திரும்பும்போது அன்றைய செலவைக் கணக்குப் பார்த்தேன். ஒரு சினிமாவுக்குக் குடும்பத்தோடு போய்வருகிற பணம்கூட ஆகவில்லை. ஏன் இவ்வளவு மலிவு என்று யோசித்தபோதுதான் ஒன்று புரிந்தது. ஒருவர் தண்ணீரைக் கொடுத்தார். ஒருவர் வாழ்நாள் சேகரிப்பைக் கொடுத்தார். ஒரு குடும்பம் மாளிகையையே கொடுத்தது. அவர்கள் முன்பே கொடுத்துவிட்டுப் போனதால்தான் நமக்குச் செலவு குறைகிறது.

புனேவுக்குப் போக முடியாதவர்கள் வருந்த வேண்டாம். மராட்டிய மன்னர் சிவாஜியின் தம்பி ஏகோஜியின் வழிவந்தவர்கள் ஆண்ட நம் தஞ்சையில், அந்த அரச மரபினர் போற்றிக் காத்த சரஸ்வதி மகால் 1918 முதல் பொதுமக்கள் நூலகமாக இருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கத்திலும் அப்படி ஒன்று நிச்சயம் இருக்கும். இந்த விடுமுறையில் ஒரு நாள் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். சுவரில் பெயர் கிறுக்காமல், குப்பை போடாமல் திரும்பி வாருங்கள். போய்வந்த கதையை எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்