மயிலாப்பூரில் பசி ஏது என்பவர்களுக்கு

2025 ஆகஸ்ட் 26 அன்று மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில், முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அதையொட்டித் தென்சென்னையின் படித்த வட்டாரத்தில் ஒரு வாதம் உலா வருகிறது. மயிலாப்பூரிலும் அடையாறிலும் பட்டினி கிடக்கும் பிள்ளை ஏது? மதியம்தான் சத்துணவு இருக்கிறதே, காலையிலும் எதற்கு? எல்லாம் ஓட்டுக்கு வீசும் இலவசம், போவது எங்கள் வரிப்பணம். முத்தாய்ப்பாக ஒரு நீதிபோதனையும் உண்டு: பெற்ற பிள்ளைக்கு இரண்டு இட்லி அவித்துப் போட முடியாத தாயும் தாயா?

'இரட்டைச் சாப்பாடு' என்ற வயிற்றெரிச்சல் புதிதல்ல. 2023 ஆகஸ்டில் திட்டம் மாநிலம் முழுக்கப் பரவிய சில நாட்களிலேயே, பள்ளிக் கழிப்பறைகள் நிரம்பி வழிகின்றன என்று தினமலரின் ஈரோடு–சேலம் பதிப்பு முதல் பக்கத்தில் போட்டது. அந்தச் சாப்பாட்டின் அளவென்ன? ஒரு பிள்ளைக்கு ரவையோ அரிசியோ சேமியாவோ 50 கிராம். சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம். இதில் கழிப்பறை நிரம்புமென்றால், மாடவீதியில் நெய்ப் பொங்கலும் வடையும் முடித்து டிகிரி காபிக்குக் காத்திருப்பவர்களின் புண்ணியத்தில் கூவம் எப்போதோ கரையை உடைத்திருக்க வேண்டும்.

அடுத்தது ஓட்டு. தி.நகரில் குடியிருந்துகொண்டு இதைச் சொல்பவர்கள், தங்கள் முகவரியில் இருக்கும் பெயர் யாருடையது என்றாவது விசாரித்திருக்கலாம். பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. அன்று ஓட்டு இருந்தது சொத்தும் வரி ரசீதும் வைத்திருந்தவர்களுக்கு மட்டும். அந்தப் பிள்ளைகளின் அப்பன் ஆத்தாளுக்கு ஓட்டே கிடையாது. பிறகு எந்த ஓட்டை வாங்க அந்தச் சோறு? உணவு கிடைத்த ஐந்து பள்ளிகளில் 1922–23-இல் 811 பேர் படித்தார்கள். 1924–25-இல் 1,671 பேர். இந்தச் செலவு கூடாதென்று வெள்ளைக்கார அரசு மறுத்ததால் 1925-இல் உணவு நின்றது. அன்று அந்த அரசு நின்ற இடத்தில்தான் இன்று நம்மவர்கள் நிற்கிறார்கள்.

'எங்கள் வரிப்பணம்' என்பதில் அந்த 'எங்கள்' யார்? ரங்கநாதன் தெருவில் நாள் முழுக்க நின்றுகொண்டே துணி விற்கும் பெண் சோப்புக்கும் செல்போன் ரீசார்ஜுக்கும் வரி கட்டாமலா வாங்குகிறாள்? அவள் பிள்ளையின் தட்டில் விழும் உப்புமாவில் அவள் கட்டிய வரியும் இருக்கிறது.

இந்தத் திட்டத்தில் குறையே இல்லையா? உண்டு. ஐந்தாம் வகுப்போடு உணவு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போன அக்காவுக்குக் காலையில் பசிக்காதா? 2024-இல் சென்னை மாநகராட்சி இந்தச் சமையலைத் தனியாரிடம் கொடுக்க முனைந்தது. அப்படிக் கொடுத்தால் உணவின் தரத்துக்கு யார் பதில் சொல்வது? இதையெல்லாம் கேளுங்கள், சேர்ந்து கேட்போம். ஆனால் இவர்கள் கேட்பது, பிள்ளைக்கு எதற்குச் சோறு என்று.

கடைசியாக அந்த இட்லி. மயிலாப்பூர், அடையாறு ஓரங்களில் குடிசை போட்டிருந்தவர்களில் பலரைப் பெயர்த்தெடுத்துக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய் வைத்தோம். வேலை மட்டும் இங்கேயே இருக்கிறது. விடிவதற்குள் பஸ் பிடித்து அங்கிருந்து வரும் பெண்கள் பெசன்ட் நகரிலும் அடையாறிலும் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கி, இட்லியும் அவித்து வைக்கிறார்கள். இங்கேயே சந்து வீடுகளில் தங்கிவிட்டவர்களுக்கும் வேலை நேரம் அதேதான். பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் தாய் எங்கே போனாள் என்று இவர்கள் ஊரெல்லாம் தேட வேண்டியதில்லை. தங்கள் வீட்டு அடுப்படியை எட்டிப் பார்த்தால் போதும். தாய் கையால் சமைத்ததைத்தான் பிள்ளை சாப்பிட வேண்டும் என்பதில் அவ்வளவு உறுதியா? நல்லது. நாளை முதல் உங்கள் வீட்டு வேலையம்மாவை ஒன்பது மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல். அதைச் செய்துவிட்டு வாருங்கள், திட்டம் வேண்டுமா வேண்டாமா என்று பேசலாம்.