உளவியலின் பெயரால்

பிள்ளையின் உள்ளங்கையைப் பார்த்து எதிர்காலம் கூறுவோரைக் கண்டால் படித்தவர் நகைப்பர். அதே கையின் பத்து விரல்களையும் கணினியில் பதித்து, வண்ணத் தாளில் அறிக்கையொன்றை அச்சிட்டு, அதற்கு உளவியல் ஆய்வு என்று பெயர் சூட்டிவிட்டால், நகைத்தவர்களே பணப்பையைத் திறக்கின்றனர். சோதிடம் சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவே வேறுபாடு.

ஜொகூர் மாநிலத்தில், கூலாய், மாசாய், ஸ்கூடாய் வட்டாரங்களில், விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரில் உழைத்து, பிள்ளைகள் உறங்கிய பின் வீடு திரும்பும் தந்தையர் பலர். அவர்களைப் பெற்றவர்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். தம் மக்களாவது உடல் நோகாமல் பிழைக்க வேண்டுமென்ற ஏக்கம் அவர்களுக்குண்டு. அந்த ஏக்கத்தைக் குறிவைத்தே விரல்ரேகை அறிக்கைகளும், நடுமூளையைத் தூண்டும் பயிற்சிகளும் விற்கப்படுகின்றன. பல நூறு வெள்ளி கொடுத்துப் பெறும் அறிக்கை என்ன கூறுகிறது? இவன் கண்ணால் கற்பவன். இவள் காதால் கற்பவள். இவனுக்கு இசை வரும், கணிதம் வாராது. ஏழு வயதுப் பிள்ளையின் தலையெழுத்து அன்றே எழுதி முடிக்கப்படுகிறது.

இவ்வாணிகம் செழிப்பதற்குக் காரணமுண்டு. 1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. ஏழு ஏ, எட்டு ஏ என்று பிள்ளைகளை எண்ணிப் பழகிய சமுதாயத்திற்குத் திடீரென்று எண்ணில்லாமற் போயிற்று. ஆசிரியர் எழுதும் வகுப்பறை மதிப்பீடு அதன் கண்ணுக்கு எண்ணாகத் தெரியவில்லை. வெற்றிடத்தில் விற்பனையாளர் நுழைந்தார்.

அவர் பேசுவது முழுப் பொய்யுமன்று, அதுதான் இடர். கைத்தோலின் வரிகளை ஆராயும் துறைக்கு அமெரிக்க அறிஞர் ஹரால்டு கம்மின்ஸ் 1926இல் தனிப்பெயர் இட்டார். டவுன் நோய்க்குறியுடன் பிறக்கும் குழந்தைகளின் கைவரிகளில் சில தனிக்கூறுகள் மிகுதியாகக் காணப்படுகின்றன என்பதும் மெய். கரு வளரும் மாதங்களில் விரல்வரியும் உருவாகிறது, மூளையும் உருவாகிறது என்பதும் மெய். ஆனால் ஒரே காலத்தில் உருவாயின என்பதனால், விரலைப் பார்த்து மூளையின் திறனைப் படித்துவிடலாம் என்று எவ்வாறு முடிவு கட்டுவது? ஒரே மாதத்தில் கட்டிய இரு வீடுகளுள் ஒன்றன் கதவைப் பார்த்து மற்றதன் அடுப்பங்கரையைச் சொல்ல இயலுமா?

அறிக்கைகளில் தவறாமல் இடம்பெறும் மற்றொரு பெயர் ஹோவர்டு கார்ட்னர். பல்வகை அறிவாற்றல்கள் உண்டென 1983இல் அவர் எழுதினார். அக்கொள்கையே அறிஞரிடையே வாதத்திற்குரியது. கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்னும் பாகுபாட்டோடு தம் கொள்கையைக் குழப்ப வேண்டாமென்று 2013இல் அவரே வெளிப்படையாக எழுதினார். அதற்கு முன்பே, 2008இல், பாஷ்லர் முதலிய நான்கு உளவியலார் இப்பாகுபாட்டுக்குச் சான்று தேடிப் பார்த்து, அதன்படி கற்பித்தால் பிள்ளைகள் மிகுதியாகக் கற்பர் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று அறிவித்தனர். நடுமூளைப் பயிற்சியின் கதை இன்னும் இரங்கத்தக்கது. கண்ணைக் கட்டிக்கொண்டு படித்துக் காட்டும் பிள்ளை, மூக்கின் ஓரத்து இடைவெளி வழியே பார்க்கிறது. இதனை மங்களூர்ப் பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் அம்பலப்படுத்தினார். பிள்ளைக்குக் கிடைத்த பயிற்சி ஒளிந்து பார்க்கும் பயிற்சியே.

பணம் போனால் போகட்டும் என்பாரும் உளர். போவது பணம் மட்டுமன்று. ரோசன்தால், ஜேகப்சன் என்னும் இருவர் 1968இல் வெளியிட்ட ஆய்வை ஆசிரியர் பயிற்சி பெற்றோர் பலர் அறிவர். கலிபோர்னியாவின் தொடக்கப்பள்ளி ஒன்றில், ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகள் விரைவில் மலர்வர் என்று ஆசிரியர்களிடம் கூறப்பட்டது. உண்மையில் அப்பெயர்கள் குருட்டாம்போக்கில் எடுக்கப்பட்டவை. ஆண்டு முடிவில், குறிப்பாக முதல் இரு வகுப்புகளில், அப்பிள்ளைகளே மிகுதியாக முன்னேறியிருந்தனர். பின்வந்த ஆய்வுகள் இவ்விளைவு அத்துணைப் பெரிதன்று எனக் காட்டியுள்ளன. எனினும் முற்றிலும் பொய்யென எல்லாரும் ஒதுக்கிவிடவில்லை. ஆசிரியரின் எண்ணம் சிறிதளவேனும் பிள்ளையைத் தீண்டுமாயின், ‘கணிதம் வாராது’ என்ற தாளைப் படித்த ஆசிரியர் அம்மாணவனிடம் எத்தனை முறை கேள்வி கேட்பார்?

அளவுகோலே தண்டனைக் கோலாக மாறிய வரலாறு பழையது. பாரிசுப் பள்ளிகளில் தனி உதவி வேண்டிய பிள்ளைகளைக் கண்டறியவே பினே 1905இல் சிமோனுடன் சேர்ந்து அறிவுத்தேர்வை அமைத்தார். அறிவு மாறாத அளவு என்போரை 1909இல் அவர் கண்டித்தார். அவர் மறைந்த சில ஆண்டுகளிலேயே அதே தேர்வைக் கையிலேந்திய அமெரிக்கர் சிலர், கப்பலிலிருந்து இறங்கிய ஏழைக் குடியேறிகளுள் பலரை அறிவு குன்றியோர் என்று தீர்ப்பளித்தனர். இருமொழி பேசும் பிள்ளைகள் மந்தமானவர் என்று 1923இல் வேல்ஸ் நாட்டு ஆய்வொன்று கூறியது. 1962இல் மொன்றியாலில் பீல், லாம்பர்ட் இருவரும் குடும்ப நிலையைச் சமன்செய்து பத்து வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டபோது, இருமொழியாளரே முன்னின்றனர். தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகளைச் சுமந்து செல்லும் தமிழ்ப்பள்ளி மாணவனை எந்தக் காலத்து ஆய்வு எடைபோடுகிறது என்று கேட்பது ஆசிரியரின் கடமையன்றோ?

அப்படியானால் உளவியல் தமிழ்ப்பள்ளிக்கு எதுவுமே தரவில்லையா? தந்திருக்கிறது, அதனை விற்கத்தான் ஆளில்லை. ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு குழுவினர் ஒரே பாடத்தை நான்கு வேளை திரும்பத் திரும்பப் படித்தனர். மற்றொரு குழுவினர் ஒரு வேளை மட்டும் படித்துவிட்டு, எஞ்சிய மூன்று வேளையும் நூலை மூடிவைத்து நினைவிலிருந்தே எழுதினர். ஐந்து நிமிடத்திற்குப் பின் கேட்டபோது திரும்பப் படித்தவரே முந்தினர். ஒரு வாரத்திற்குப் பின்னரோ, எழுதிப் பார்த்தவர் 61 விழுக்காட்டை நினைவு கூர்ந்தனர். படித்துக்கொண்டேயிருந்தவர் 40 விழுக்காட்டையே கூர்ந்தனர். ஒரே நாளில் திணிப்பதினும் நாள் இடைவிட்டுப் பயில்வது நிலைக்கும் என்பதை எபிங்ஹாஸ் 1885லேயே காட்டிவிட்டார். இவற்றை வகுப்பில் செய்ய ஒரு வெள்ளியும் வேண்டுவதில்லை. பாடம் முடிந்ததும் நூலை மூடச்சொல்லி ஐந்து வினாக் கேட்டல், சென்ற வாரத்துப் பாடத்தை இவ்வாரம் மீண்டும் வினவுதல், இவையே. கேட்டதை மீளச் சிந்தித்தலையும் உடன்பயில்வோரோடு வினவுதலையும் நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கனுக்கு விதிக்கிறது. (இதனைக் கொண்டு பவணந்தியார் உளவியலாரை முந்திவிட்டார் என்று மேடையில் முழங்குவதும் வேண்டா. அவர் அனுபவத்தால் விதித்தார். இவர்கள் சோதித்து அறிந்தனர்.)

மெய்யான ஆய்வு ஆசிரியரிடம் உழைப்பைக் கேட்கிறது. பொய்யான ஆய்வோ உழைப்பிலிருந்து விடுதலை தருகிறது. பிள்ளை கற்கவில்லையா? அவன் விரல் அப்படி! இத்துணை வசதியான விடையை எந்தப் பயிற்சிக் கல்லூரியும் தந்ததில்லை. ஆகவே பழியைப் பெற்றோர் மீது மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. மேடையில் தலைமையாசிரியர் அமர்ந்திருக்க, அருகில் நின்று ஒருவர் பேசினால், அப்பேச்சுக்குப் பள்ளியின் முத்திரை விழுந்துவிடுகிறது.

இது புதுமைக்கு அஞ்சும் பழைமைவாதம் என்று சிலர் கூறலாம். புதுமையைச் சோதித்துப் பார்க்கச் சொல்வது பழைமையாகுமாயின், அறிவியல் முழுவதும் பழைமையே. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேச இடம் கேட்டு வருவோரிடம் தலைமையாசிரியர் ஒன்று கேட்கலாம். முப்பது பிள்ளைகளின் அறிக்கைகளிலும் பெயரை மறைத்துக் கலந்து வையுங்கள். அவர்களை ஓராண்டு கற்பித்த ஆசிரியர் எது யாருடையது என்று பிரித்துக் காட்டட்டும். சரியாக அமைந்தவை எத்தனை என்று பெற்றோர் முன்னிலையிலேயே எண்ணுவோம். அதற்கு அவர் உடன்படும் வரையில் மண்டபத்தின் சாவி அலுவலகத்திலேயே இருக்கட்டும்.