குறியை நம்புவோம், சரிபார்த்த பின்னர்



கடந்த பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவர் ஒருவர் இல்லம் தேடி வந்தார். வயது 19. மகிழுந்துப் பட்டறை ஒன்றில் பயிலுநராகப் பணிபுரிகிறார். வழக்கமான கலகலப்பு அவரிடம் இல்லை. சற்று நேரம் கழித்து, "ஐயா, இந்த வேலை எனக்கு ஒத்து வராது போலிருக்கிறது" என்றார்.

நடந்தது இதுதான். 30 ஆண்டுகளைக் கடந்த மகிழுந்து ஒன்றின் இயந்திரத்தை முழுமையாகப் பிரித்துப் புதுப்பித்திருக்கிறார்கள். டைமிங் பெல்ட்டைப் பூட்டும் பொறுப்பு இவருடையது. குறிகளைச் சொல்லிக் கொடுத்தபடியே பொருத்தினார். இயந்திரம் ஓடியது, ஆனால், இழுவை இல்லை, சூடும் ஏறியது. "பெல்ட்டில் ஒரு பல் தள்ளிப் போட்டுவிட்டாய்" என்று எல்லார் முன்னிலையிலும் திட்டு. மூன்று முறை கழற்றி மாட்டியும் குறிகள் சரியாகவே நின்றன. குறையும் அப்படியே நின்றது.

பழைய வண்டிகளைப் பிரித்துப் பூட்டுவது என் நெடுநாளைய பொழுதுபோக்கு. ஆகவே, அவரிடம் ஒன்றைக் கேட்டேன். "குறியோடு எல்லாவற்றையும் ஒப்பிட்டாய். அந்தக் குறியை எதனோடு ஒப்பிட்டாய்?" அவர் விழித்தார். அப்படியொரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

முதலாளியின் அனுமதியோடு மறுநாள் பட்டறைக்குச் சென்றேன். தேவைப்பட்டவை ஒரு பழைய ஸ்பார்க் பிளக், ஒரு போல்ட், ஒரு காகிதப் பட்டை, ஓர் அளவுகோல். அவ்வளவுதான்.

பிஸ்டன் மேலேறி நின்று கீழிறங்கத் தொடங்கும் புள்ளியே உச்ச நிலை. நேரக்குறிகள் யாவும் இந்தப் புள்ளியைச் சார்ந்தவை. பிளக் துளைக்குள் திருப்புளியை விட்டு, அது மேலேறி நிற்பதைக் கண்டு உச்ச நிலையைக் கணிப்பது பலரின் வழக்கம். இது போதாது. உச்சத்தின் அருகே பிஸ்டன் ஏறக்குறைய அசைவதே இல்லை. சிறிய மகிழுந்து இயந்திரங்களில் கிராங்க் தண்டு 5 பாகை திரும்பினாலும் பிஸ்டன் இறங்குவது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். அதைக் கைவிரல் உணராது.

எனவே, உச்சத்தைத் தேடாமல் அதன் இரு பக்கங்களையும் அளக்க வேண்டும். பழைய பிளக்கின் உட்பகுதியை நீக்கி, முனை மழுங்கிய போல்ட்டைப் பொருத்தினோம். பிஸ்டன் உச்சத்தை எட்டுமுன் அதில் முட்டி நிற்கும். மற்றப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரைத் தொடாமல், கையால் மெதுவாகத் திருப்பினோம். முட்டிய இடத்தில், நிலையான சுட்டிக்கு நேராகக் கப்பியின் விளிம்பில் ஒரு கோடு. எதிர்த்திசையில் திருப்பி, மீண்டும் முட்டிய இடத்தில் இன்னொரு கோடு. இவ்விரண்டுக்கும் நடுவே இருப்பதே உண்மையான உச்ச நிலை. குறி உண்மையானால், இரு கோடுகளும் அதிலிருந்து சம தொலைவில் இருக்க வேண்டும்.

காகிதப் பட்டையைச் சுற்றி அளந்தோம். ஒரு பக்கம் 29 மில்லிமீட்டர். மறு பக்கம் 50. வேறுபாடு 21, அதில் பாதி 10.5. கப்பியின் விட்டம் 150 மில்லிமீட்டர். சுற்றளவு ஏறத்தாழ 471. அதை 360ஆல் வகுத்தால் ஒரு பாகைக்கு 1.3 மில்லிமீட்டர். ஆக, குறி 8 பாகை பிசகியிருந்தது! தொடக்கப்பள்ளிக் கணிதமே உண்மையைக் காட்டிக் கொடுத்தது.

காரணமும் தெரிந்தது. அந்தக் கப்பியின் வெளிவளையம், நடுப்பகுதியோடு ரப்பரால் ஒட்டப்பட்டது. ரப்பர் முதுமையடைந்து, வளையம் குறியோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது. பெல்ட்டுக்கான குறிகள் உள்ளே பற்சக்கரங்களில் இருந்ததால் மாணவர் பூட்டியது சரியே. ஆனால், தீப்பொறி நேரத்தை டைமிங் விளக்கால் சரிசெய்தவர் இந்தப் பிசகிய குறியைப் பார்த்தே செய்திருக்கிறார். தீப்பொறி 8 பாகை தாமதமாகப் பிறந்தது. வலு குறைந்ததும் சூடு ஏறியதும் அதனாலேயே.

முதலாளி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, வேறு கப்பி வாங்கி வரச் சொன்னார். திட்டியதைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் என்னை எழுத வைத்தது.

இயந்திரத்தைப் புதுப்பிக்கும்போது குறிகளைச் சரிபார்ப்பதைக் கட்டாயப் படிநிலையாகப் பயிலுநர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்பதே என் கருத்து. குறி பொய்க்க வழிகள் பல. நம் நாட்டில் 'ஹாஃப்-கட்' கடைகளிலிருந்து வரும் உதிரிப் பாகங்கள் தாராளம்; ஓர் இயந்திரத்தின் கப்பி மற்றொன்றின் சுட்டியோடு சேர்ந்தால் குறிக்குப் பொருளே இல்லை. சிலிண்டர் ஹெட்டை இழைத்தால் கேம் தண்டு கிராங்க் தண்டை நோக்கிச் சற்றே இறங்குகிறது. பற்குறிகள் பொருந்தியது போல் தோன்றினாலும் வால்வுகளின் நேரம் சிறிது மாறும். சாய்வாக நின்று பார்க்கும் கண்ணும் ஏமாற்றும்.

"ஒவ்வொரு வண்டிக்கும் இப்படி அளந்தால் பட்டறையை மூட வேண்டியதுதான்" என்பார்கள். வெறும் பெல்ட் மாற்றத்திற்கு நான் இதைக் கேட்கவில்லை. கையால் கிராங்க் தண்டை இரண்டு முழுச்சுற்று திருப்பிக் குறிகளை மீண்டும் பார்த்தாலே பெரும்பாலும் போதும். ஆனால், நாள்கணக்கில் பிரித்துப் பூட்டும் வேலையில் அரைமணி நேரம் பெரிதன்று. 48 பற்கள் கொண்ட கேம் சக்கரத்தில் ஒரு பல் பிசகினால் கிராங்க் கணக்கில் 15 பாகை. சில இயந்திரங்களில் நேரம் தவறினால் பிஸ்டனே வால்வை இடித்து வளைத்துவிடும். அப்போது வீணாவது அரைமணி நேரமா?

ஆசிரியன் என்ற முறையில் நானும் குற்றமற்றவன் அல்லன். ஒருமுறை கணிதத் தாள்களை விடைப்பட்டியலைப் பார்த்துத் திருத்தினேன். ஒரு கேள்விக்கான விடை பட்டியலிலேயே தவறு. சரியாக எழுதிய சிறுமிக்குச் சிவப்புக் கோடு போட்டேன். அவள் தாளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோதுதான் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். வகுப்பின் முன் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். குறியைப் பின்பற்றிய பிள்ளையைத் திட்டுமுன், குறியைச் சோதிக்கும் கடமை பெரியவர்களுடையது. சோதிக்கத் தவறினால், மன்னிப்புக் கேட்கும் கடமையும் அவர்களுடையதே.

என் மாணவர் அந்தப் பட்டறையிலேயே தொடர்கிறார். போல்ட் பொருத்திய அந்தப் பழைய பிளக்கைத் தம் கருவிப் பெட்டியில் வைத்திருக்கிறாராம். உங்கள் பழைய வண்டியின் இயந்திரத்தைப் புதுப்பிக்கக் கொடுக்கும்போது, "உச்ச நிலையை அளந்து பார்த்தீர்களா?" என்று நீங்களும் பணிவோடு கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.