ஒரு வரிசை செங்கல்... முப்பது வருஷ முதுகுவலி!

செமஸ்டர் டென்ஷன்ல இருக்கறவங்க புக்கை ஓரமா வெச்சுட்டு வாங்க. இந்த வாரம் நம்ம அரட்டை சமையலறையில! ‘தண்ணி பாட்டில் எடுக்கறதைத் தவிர எனக்கும் கிச்சனுக்கும் என்ன சம்பந்தம் பாஸ்?’னு கேக்கறீங்களா? போன மாசம் வரைக்கும் நானும் அந்தக் கட்சிதான்.

அண்ணனுக்கு போனஸ் வந்துச்சு. ‘மதுரை வீட்டு கிச்சனை மாத்தி அம்மாவுக்கு சர்ப்ரைஸ் கொடுக்கலாம்டா’ன்னான். அதுவும் சாதா கிச்சன் இல்ல, ‘பசுமை கிச்சன்’! கையில ஒரு கம்பெனி கேட்லாக். மூங்கில் டிசைன் கதவு, அட்டையில பச்சை இலை, மூணரை லட்ச ரூபாய் கொட்டேஷன். பழசை மொத்தமா இடிச்சுட்டு, பத்தே நாள்ல புதுசு மாட்டிடுவாங்களாம்.

நாங்க ரெண்டு பேரும் டேப் வெச்சு சுவரை அளந்துக்கிட்டு இருந்தப்போ, பின்னாடி அம்மா! சர்ப்ரைஸ் அவுட். கேட்லாக்கைப் பொறுமையா புரட்டிப் பார்த்தவங்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. “ஏண்டா, இந்தக் கடப்பாக்கல்லு நல்லாத்தானடா இருக்கு. இதை ஒடைச்சு எங்க கொண்டுபோய்க் கொட்டுவாங்க?”

அண்ணன் போன் போட்டுக் கேட்டான். “அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்”னு பதில் வந்துச்சு. எப்படிப் பாத்துக்கறாங்கன்னு தெரியணும்னா எங்க ஏரியா கண்மாய்க் கரைக்கு வாங்க. உடைஞ்ச டைல்ஸ், பாதி சின்க், சிமென்ட் கட்டின்னு மலை மாதிரி கிடக்கு. கட்டட இடிபாட்டைக் கண்ட இடத்துல கொட்டக்கூடாதுன்னு 2016-லயே தனி விதிகள் வந்தாச்சு. பாவம், கண்மாய்க்குத்தான் அது தெரியல!

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து யோசிச்சோம். உலகத்துல மனுஷன் வெளியேத்தற கார்பன் டை ஆக்சைடுல ஏறக்குறைய 7, 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்புல இருந்துதான் வருது. உறுதியா இருக்கற மேடையை இடிச்சு கண்மாய்ல கொட்டிட்டு, புது சிமென்ட் பூசி, மேல மூங்கில் படம் ஒட்டினா அது பசுமையா? சட்டுனு கேட்லாக்கை மூடிட்டோம். தெரிஞ்ச கொத்தனார் அண்ணனைக் கூப்பிட்டோம்.

வந்தவர் சுவரை அளக்கவே இல்ல. “அக்கா, மேடைகிட்ட வந்து நில்லுங்க”ன்னு அம்மாவை நிக்க வெச்சார். தரையில இருந்து முழங்கை வரைக்கும் 40 இன்ச். மேடை உயரம் 30 இன்ச். “முழங்கைக்கு நாலஞ்சு இன்ச் கீழ இருந்தா போதும்க்கா. இம்புட்டு குனிஞ்சா இடுப்பு என்னத்துக்காகும்?”ன்னார்.

அம்மா சாதாரணமா சொன்னாங்க. “இது எங்க மாமியா உசரத்துக்குக் கட்டுனதுப்பா. நான் வாக்கப்பட்டு வந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு.”

முப்பது வருஷம்! தினமும் மூணு வேளை, குட்டையான எங்க அப்பத்தாவோட உயரத்துக்குக் குனிஞ்சு சமைச்சிருக்காங்க. நாங்க தைலம் வாங்கிக் கொடுத்திருக்கோமே தவிர, காரணம் கேட்டதே இல்ல. “ஏம்மா சொல்லல?”ன்னான் அண்ணன். “யாருடா கேட்டீங்க?”ன்னுட்டு காபி போடப் போயிட்டாங்க.

கல்லைப் பக்குவமா தூக்கி, அடியில ஒரு வரிசை செங்கல் ஏத்தி, அதே கல்லை மறுபடி உட்கார வெச்சாச்சு. மூணரை இன்ச் உசந்துடுச்சு. அவ்வளவுதான் மேட்டர்!

உங்க வீட்லயும் கிச்சன் பிளான் ஓடுதா? நாங்க கத்துக்கிட்டதுல சில...

1. முதல் லிஸ்ட், வாங்க வேண்டியது இல்ல, வெச்சுக்க வேண்டியது. கல், தேக்குச் சட்டம், எவர்சில்வர் சின்க், ஷெல்ஃப்... எது தேறும்னு பாருங்க. எங்க பழைய பரண் கதவுதான் இப்போ புது அலமாரிக் கதவு.

2. மரப்பலகை வாங்கறப்போ டிசைனோட பசையையும் விசாரிங்க. மலிவான பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். பலகைகள்ல பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை இருக்கும். அதுல இருந்து கசியற ஃபார்மால்டிஹைடு வாயு புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ‘ஈ-ஜீரோ’, ‘ஈ-ஒன்’ தரமான்னு கடையில கேளுங்க. ஈ-ஜீரோன்னா கசிவு ரொம்பக் கம்மி.

3. பட்டப்பகல்ல லைட் எரியுதா? எங்க வீட்ல ஜன்னலை பாதி மறைச்சது ஃப்ரிட்ஜ். அதை அடுப்பு வெக்கையில இருந்து தள்ளி, சுவரோட ஒட்டாம வெச்சோம். ஜன்னலுக்கு வெளிச்சம், ஃப்ரிட்ஜுக்கு மூச்சு!

4. குழாய் முனையில திருகற சின்ன ஏரேட்டர், காத்தைக் கலந்து தண்ணியை விடும். பாத்திரமும் கழுவலாம், பாதித் தண்ணியும் மிச்சம்.

5. சின்க் பக்கத்துலயே ரெண்டு டப்பாவுக்கு இடம் விடுங்க. மக்கறது ஒண்ணு, மக்காதது ஒண்ணு. அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா, எல்லாம் ஒரே கவர்லதான் போகும்.

இதெல்லாம் புது ஐடியா இல்ல ஃப்ரெண்ட்ஸ். இங்கிலாந்துல பிறந்து திருவனந்தபுரத்துல வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917-2007), இடிச்ச வீடுகளோட ஜன்னல், கதவு, ஓடுகளை வெச்சே புது வீடு கட்டினவர். சுத்துவட்டாரத்துல கிடைக்கற பொருள்லயே வீடு கட்டணும்கிற காந்தியோட யோசனையைக் கடைசி வரை பிடிச்சுக்கிட்டவர். 1990-ல அவருக்கு பத்மஸ்ரீ கிடைச்சுது. செங்கலை இடைவெளி விட்டு அடுக்கற அவரோட ஜாலிச் சுவரை, குட்டியா எங்க கிச்சன்லயும் வெச்சோம். தாளிப்புப் புகை இப்போ ஹாலுக்கு வர்றதில்ல.

மொத்தச் செலவு ஒரு லட்சத்தைக்கூடத் தொடல. மிச்சப் பணத்துல எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கலாமா, கிரைண்டர் வாங்கலாமான்னு அம்மாவைக் கேட்டோம். கேட்டுட்டுதான் வாங்குவோம்!

நேத்து தோசை ஊத்தறப்போ அம்மா நிமிர்ந்து நின்னாங்க. அவங்க இவ்வளவு உயரம்னு எனக்கு நேத்துதான் தெரியும்.

இன்னைக்கே டேப்பை எடுங்க. சுவரை அப்புறம் அளக்கலாம். முதல்ல சமைக்கறவங்களை நிக்க வெச்சு அளங்க. அப்படியே, அந்த உயரத்துல நீங்களும் ஒருநாள் நின்னு சமைச்சுப் பாருங்க!

அடுத்த வாரம் சந்திப்போம்... டாட்டா!