கழிவில் கிடக்கும் தங்கம்

கோலார் தங்கவயலுக்குப் போகிறவர் கண்ணில் முதலில் படுபவை சயனைடு மேடுகள். பாறையை அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு. சுமார் 3.3 கோடி டன். சுரங்கம் 2001 பிப்ரவரி 28ல் மூடப்பட்டது. ஆனால் 2024 ஜூனில், 13 மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் இப்படிக் கழிவென்று ஒதுக்கப்படும் சரக்கு ஒன்று உண்டு: பிழைச் செய்தி.

சுரங்கம் போனபின் தங்கவயல்காரர்கள் ஆயிரக்கணக்கில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். அவர்களில் ஒருவர் ராபர்ட்சன்பேட்டைக் கடை ஒன்றின் கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவில் ஒரு பேட்ச் ஃபைல் தானாக ஓடி, கணக்குகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுக்கிறது. கடைசியில் ‘முடிந்தது’ என்று குறித்து வைக்கிறது. ஒருநாள் டிஸ்க்கின் வயர் கழன்றுவிடுகிறது. பிழைச் செய்தி ஆளில்லாத திரையில் வந்து மறைகிறது. குறிப்பில் மட்டும் தினமும் ‘முடிந்தது’. கம்ப்யூட்டர் பழுதாகும் நாளில்தான் மூன்று மாதக் கணக்கு போனது தெரியும்.

காரணம் எளிது. கட்டளைக்கு இரண்டு வாய்கள். முடிவு 1ஆம் எண் வழியாகவும் பிழை 2ஆம் எண் வழியாகவும் வெளிவருகின்றன. திரையில் கலந்து தெரிவதால் ஒன்றென்று தோன்றும். > குறி முடிவை மட்டுமே ஃபைலுக்குத் திருப்பும். பிழைக்கு 2> தேவை. இரண்டும் ஒரே ஃபைலில் சேர, ஃபைல் பெயருக்குப் பின்னால் 2>&1 போடவேண்டும். முன்னால் போட்டால் பிழை திரைக்கே போகும்.

வெளியீட்டை வேரியபிளில் பிடிக்க ‘ஃபார் /எஃப்’ இருக்கிறது. அது ஒரு கட்டளையை ஓட்டி, வெளியீட்டை வரிவரியாகக் கொடுக்கும். சிக்கல் மூன்று. உள்ளே எழுதும் > குறிக்கு முன் ^ வேண்டும். ஒவ்வொரு வரியும் முந்தையதை அழிப்பதால், சேர்த்துக்கொண்டே போகாவிட்டால் கடைசி வரிதான் மிஞ்சும். உள்ளே ஓடிய கட்டளையின் எரர்லெவல் எண்ணும் வெளியே வராது.

ஆகவே நம்பகமான வழி வேறு. கட்டளையை முதலில் தனியாக ஓட்டி, முடிவை ஒரு ஃபைலுக்கும் பிழையை இன்னொன்றுக்கும் அனுப்பவேண்டும். அடுத்த வரியிலேயே எரர்லெவலை ஒரு வேரியபிளில் போட்டுவிடவேண்டும். பிறகு ஃபைல்களை நிதானமாகப் படிக்கலாம். எண் சரியாக இருந்தால் மட்டுமே ‘முடிந்தது’.

எண்ணிலும் எச்சரிக்கை தேவை. பல கட்டளைகளுக்கு 0தான் வெற்றி. ரோபோகாப்பிக்கு 1 என்றாலும் வெற்றியே. 8க்குமேல் போனாலோ 8 ஆனாலோதான் தோல்வி.

மேட்டுத் தங்கம் இருபது ஆண்டுக்கு மேல் காத்திருந்தது. பிழைச் செய்திக்கு அந்தப் பொறுமை கிடையாது. மறுநாள் ரயிலேறுமுன் படித்தால்தான் அதற்கு மதிப்பு.